வேருக்குச் சுற்றிய பனியன் துணி

மருதம்மாளுக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒரு செடிக்காகவா இத்தனை புலம்பல் என்பார்கள். செடிக்காக இல்லை.

பல்லடம் ரோட்டில் லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். ஒரே பனியன் கம்பெனியில் அவள் செக்கிங், நான் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி. அவள் புருசன் சாமியப்பன் சாயப்பட்டறையில் இருந்தான். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலம் போகாது.

தொண்ணூற்றொன்றில் இருவரும் கோயமுத்தூர் மலர்க் கண்காட்சிக்குப் போனார்கள். கடைசி நாள் சாயங்காலம். பூத்த ஆர்க்கிட்டெல்லாம் காரில் வந்தவர்கள் கொண்டு போன பிறகு, தேங்காய் மட்டையில் கட்டிய ஒன்று மிஞ்சியிருந்தது. சுருங்கிய இலை இரண்டு, வற்றிய வேர் நாலு. சாமியப்பன் அதை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். கல்யாணமாகி ஆறு வருசத்தில் அவன் பெண்டாட்டிக்கு ஆசையாக வாங்கியது அது ஒன்றுதான்.

"ஏஞ் சாமியப்பா, இந்தச் சவலைய எதுக்கு வாங்குன?" என்றேன். என் வாய் அப்படி.

"பூக்கட்டுமுங்கக்கா, அப்புறம் பேசுங்க" என்று சிரித்தான்.

அவன் பூவைப் பார்க்கவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் சைக்கிளில் வந்தவன் மேல் லாரி மோதியது.

மருதம்மாள் அழுது நான் பார்த்ததில்லை. வேலை விட்டு வந்ததும் செடி முன்னால் நிற்பாள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேர் காய்ந்து வெளுத்த பிறகே தெளிப்பாள். கண்காட்சிக்காரர் சொன்னது அது. ஒரு இலை உதிர்ந்தது. ஒற்றை இலையோடு ஒரு வருசம் கிடந்தது. பிறகு புது இலை விட்டது, பச்சை நுனியோடு வேர் காற்றில் நீண்டது. தொண்ணூற்று நாலு மாசியில் ஒரு தண்டு கிளம்பி, மிளகளவில் ஏழு மொக்கு.

"அவருக்கும் சேத்தி நான் பாத்துரணுமுங்கக்கா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே அமராவதி நகர்ப் பக்கமிருந்து மாமியார் படுத்த படுக்கை என்று ஆள் வந்தது. போகும்போது மழைத் தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள்.

"வேர் வெளுத்தா மட்டும் கொஞ்சம் தெளிங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

நான் காட்டில் களை வெட்டி வளர்ந்தவள். மாசி வெயிலில் வேர் அம்மணமாகத் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. திருப்பூரில் எதற்கும் பனியன் வேஸ்ட் துணிதானே? மிஷின் துடைக்க, தலையணை அடைக்க, புண்ணுக்குக் கட்ட. கம்பெனியிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டுவந்து வேரையெல்லாம் சுற்றிக் கட்டினேன். குடம் காலியானதும் போர்த் தண்ணீரை ஊற்றினேன். சாயப்பட்டறைகள் வந்த பிறகு அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அது தெரிந்தும் ஊற்றினேன். காலையும் மாலையும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன், பெருமையாக.

மாமியாரை அடக்கம் செய்துவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தாள். அதற்குள் மொக்குகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. அவள் துணியை மெதுவாகப் பிரித்தாள். வேர் கூழாகித் துணியோடு கழன்று வந்தது.

"குளுகுளுன்னு இருக்கட்டும்னுதான் கண்ணு..." என்றேன்.

அவள் துணியைக் கையில் வைத்தபடியே நின்றாள். "வாங்கிட்டு வந்த அன்னிக்கு அவரும் இதயேதானுங்க பண்ணப் பாத்தாரு. நாந்தான் கையப் புடிச்சுத் தடுத்தேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "உடுங்கக்கா. அவரு பாக்காத பூவ நான் மட்டும் பாத்து என்ன பண்ணப் போறேன்?"

எனக்காகச் சொன்ன பொய் அது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வருசமாக அழாதவள் அன்று அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.