வெயில் காட்டிய முளைப்பாரி

பத்து வயதில் எனக்கிருந்த அறிவு அதற்குப் பிறகு எந்த வயதிலும் வாய்க்கவில்லை. அந்த அறிவால் கெட்டது என் சித்தி.

வடமதுரைப் பக்கம் எங்களுக்குக் கத்திரித் தோட்டம். பர்மாவில் இருந்த நம்மவர்கள் கப்பலேறித் திரும்பிக்கொண்டிருந்த அறுபதுகளில், என் சித்தப்பாவும் ஒரு தகரப்பெட்டியோடும் பர்மாக்கார மனைவியோடும் வந்து இறங்கினார். சித்தி ஏதோ மரப்பட்டையை அரைத்துச் சந்தனம்போலக் கன்னத்தில் பூசிக்கொள்வாள். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். அவள் நடந்தால் வாய் பிளந்தபடி நான் பின்னால் நடப்பேன். ஊரோ அவளைப் பர்மாக்காரி என்றதோடு சரி. ஒரு வீட்டிலும் கூப்பிட்டுக் குங்குமம் கொடுக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். அகன்ற மண் ஓட்டில் எருத்தூள் பரப்பிப் பயறு விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் ஒன்பது நாள் வைத்திருந்தால், பயிர் முழங்கை உயரத்துக்கு வெளிர்மஞ்சளாக நிற்கும். வாக்கப்பட்டு வந்தவள் அந்த ஓட்டைத் தலையில் சுமந்துவிட்டால் அவள் ஊர்க்காரி. சித்தி சுமக்கக் கூடாதென்று பேச்சு எழுந்தது. அம்மா விடவில்லை.

"எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டவ. அவளுக்கும் ஒரு ஓடு வைக்கத்தான் செய்வேன்" என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தாள்.

சித்தி ஒருவேளைச் சோறு உண்டு, வெறுந்தரையில் படுத்து விரதம் காத்தாள். எங்கள் தானிய அறைக்குள் விளக்கில்லாமல் போய், தன் ஓட்டுக்குத் தண்ணீர் தெளித்து, தன் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள். அதைக் கேட்டாலே எனக்கு மெய்சிலிர்க்கும்.

சித்தியின் பயிர்தான் ஊரிலேயே உசத்தியாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். தோட்டக்காரர் மகளுக்கு, நாற்றுக்கு வெயில் வேண்டும் என்பது தெரியாதா? முளைவிட்ட நாளிலிருந்து, மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்து, எல்லோரும் தோட்டத்தில் இருக்கும்போது, அவள் ஓட்டை மட்டும் கொல்லைக்குத் தூக்கிப்போய் வெயில் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். ஒருத்தி ஓட்டை இன்னொருத்தி தொடக்கூடாது என்பதால் அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஓடுகளை இறக்கித் துணியை விலக்கினார்கள். எல்லாம் மஞ்சளாக நெடுநெடுவென்று நின்றன. சித்தியுடையது மட்டும் சாண் உயரம், கரும்பச்சை.

"வெயிலு பட்ட பாரி ஊருக்கு ஆகாது. யாரு இதை வெளிய வச்சது?" என்றாள் மூத்த பெண் ஒருத்தி.

சித்தி ஓட்டைப் பார்த்தாள். பிறகு என் பாவாடையில் அப்பியிருந்த எருத்தூளைப் பார்த்தாள். நான் அதை அவசரமாகத் தட்டிவிட்டேன்.

"நான்தான் வச்சேன். எங்க ஊருல வெயில்லதான் வைக்கிறது" என்றாள்.

"அதான், பர்மாக்காரி புத்தி" என்றது ஒரு குரல். ஊர்வலம் சித்தி இல்லாமல் புறப்பட்டது. அவள் ஓட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பெரிய ஆச்சரியம். முளைப்பாரியை வெயிலில் வளர்க்கிற ஒரு தேசம்கூட இருக்கிறதே என்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொன்னேன்: "எங்க சித்தி ஊருல அப்பிடித்தான்டி. அவுக வேற ஆளுக." பெருமையாகத்தான் சொன்னேன்.

வந்த நாள்முதல் சித்தி 'எங்க ஊரு' என்று சொன்னதெல்லாம் இந்த ஊரைத்தான். அன்றைக்கு ஒரே ஒரு தடவை, என்னைக் காப்பாற்ற, அதைப் பர்மாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டிருந்தேன்.