இரைச்சல் நின்ற கிடார்

எழுதுவதற்கென்று ஒரு படிப்பு வேண்டும். எனக்கு அது கிடையாது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரசீதில் "காயில் புதுசு" என்பதுதான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், நாலு பேர் படிக்கும்படி எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாமல் போனது ஒன்று இருக்கிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

பெரம்பலூரில் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எரிந்து வந்தால் கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். கல்யாண மாதங்களிலும் திருவிழா மாதங்களிலும் சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவோடு போய்விடுவேன். அதில் நான் கிடார். காதால் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். நோட்ஸ் படிக்கத் தெரியாது.

என் கிடார் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரிடம் வாங்கியது. வளைகுடாவில் வேலை பார்த்தபோது அங்கே பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு எடுத்து வந்தாராம். ஊருக்கு வந்து இரண்டு நாள் வாசித்ததும் விரல் நுனியில் கொப்புளம் கண்டிருக்கிறது. "அண்ணே, இது எனக்குத் தோதுப்படாது. வூட்ல எல்லாரும் ஓடி ஒளியிறாங்க. நீங்களே கொண்டு போங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். முழுக் கட்டையில் செய்த கிடாரும் இல்லை, முழுதும் கூடானதும் இல்லை. நடுவே ஒரு கட்டை ஓடும். இரண்டு பக்கமும் கூடு. முகத்தில் வளைவாக இரண்டு துவாரம். மேடையில் மற்றக் குழுக்காரர்கள் வைத்திருக்கும் கிடார் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கும்போது, இது தொண்டை உள்ள மனுஷன் பேசுவதுபோல் ஒலிக்கும். அப்படித்தான் எனக்குக் கேட்டது.

அதில் ஒரு குறை. தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியும்தான். தந்தி அதிர்வதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அது. என் கிடாரில் இருந்தவை ஒற்றைக் காயில் பிக்கப்புகள். ஒற்றைக் காயில் இனிமையாகப் பேசும், ஆனால் சுற்றிலும் ஓடும் கரண்டின் உறுமலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட், வாசலில் ஜெனரேட்டர், கேட்க வேண்டுமா? நான் வாசிக்காமல் சும்மா நிற்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் இருக்கும் என் ஸ்பீக்கர் பெட்டி 'உம்ம்' என்று உறுமும். முன்னால் ஜனங்களைப் பார்த்து வைத்திருக்கும் பெரிய பெட்டிகளில் என்ன போகிறது என்பது மேடையில் எனக்குச் சரியாகக் கேட்காது. அதனால் ஒரு பழக்கம் செய்துகொண்டிருந்தேன். ஒரு இடையிசை முடிந்ததும் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை மூடிவிடுவேன். அடுத்தது வரும்போது திறப்பேன். பல வருஷமாக அந்த விரல் தானாகவே போய் வந்துகொண்டிருந்தது.

போன ஆவணியில் திருமானூர் பக்கம் ஒரு நிகழ்ச்சி. ஜெனரேட்டர் மேடையை ஒட்டியே நின்றதால் வாசிக்கும்போதும் உறுமல் கேட்டது. குழுத் தலைவர்தான் எங்களில் முக்கியப் பாடகர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாட்டு நடுவில் திரும்பி என்னை முறைத்தார். இறங்கியதும் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"என்னப்பா அது, மாவு மில்லு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு? சரி பண்ணு. இல்லன்னா கிடாரை வூட்ல வச்சிட்டு வா."

எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிப்பவர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் காயில் கட்டறவரு, தன் காயில பாக்கலயேண்ணே."

நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கிடார் இல்லாமல் வா என்றால் வராதே என்றுதான் அர்த்தம். அந்த மேடையைத் தவிர நான் சத்தமாக இருக்கிற இடம் என்று வேறு எதுவும் எனக்கு இல்லை.

அதன் பிறகு ஒரு மாதம் புதுப் பிக்கப் தேர்ந்தெடுப்பதிலேயே போயிற்று. கடையில் சாப்பாட்டு நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செல்போனில் யார் யாரோ வாசித்துக் காட்டுவதைக் கேட்பேன். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. பழையதைப் போலவே ஒற்றைக் காயிலில் நல்லதாக ஒன்று. அதைக் கேட்டபோது எனக்குக் கழுத்துப் பின்னால் சிலிர்த்தது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனி ஆளாக வந்து நின்றது. ஆனால் உறுமும். இரண்டாவது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில் வைத்த அகலமான பிக்கப். ஒன்று ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கும், மற்றது எதிர்ப்பக்கமாக. ஒன்று இழுக்கும் உறுமலை மற்றது அடித்துவிடும். ஆனால் அதைப் பொருத்தக் கிடாரின் முகத்தை வெட்ட வேண்டும். அதற்கு எனக்குக் கை வரவில்லை. மூன்றாவது, பழைய பிக்கப்பின் அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காயிலை அடுக்கியது. வெட்ட வேண்டாம், உறுமாது. ஆனால் குரல் கொஞ்சம் மங்கல். ஜலதோஷம் பிடித்தவன் பாடுவதுபோல.

லப்பைக்குடிக்காட்டு பாய் விடுமுறையில் வந்திருந்தார். அவரிடம் போய் மூன்றையும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"முதல் சாமான்தான்ணே. மாஷா அல்லாஹ், என்னா இனிப்பு! இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"அது உறுமும் பாய்."

"உறுமட்டுமே. ஜனங்க உங்க பாட்டைக் கேக்க வராங்களா, உறுமலக் கேக்க வராங்களா?"

"தலைவர் வேணாங்கிறாரு."

"அப்ப எங்கிட்ட ஏண்ணே கேக்க வந்தீங்க?" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

மூன்றாவதைத்தான் வாங்கினேன். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு என் கிடார் சுத்தமாகக் கேட்க வேண்டும், அதற்காக இனிப்பில் கொஞ்சம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பழைய பிக்கப்புகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்தேன். கட்டைக் கிடார் என்றால் முதுகில் மூடி இருக்கும், திறந்து வேலை செய்யலாம். இந்த மாதிரிக் கிடாரில் மூடி கிடையாது. குமிழ்கள், சுவிட்ச், ஒயர் எல்லாவற்றையும் முகத்திலுள்ள துவாரம் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே விட வேண்டும். எடுக்கும் முன்பே ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப அதன் ஓட்டைக்கு அது வந்து சேராது. என் மனைவி தையல் மிஷினிலிருந்து கலர் கலராக நூல் கொடுத்தாள். டார்ச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, குடலெல்லாம் வெளிய வந்துருச்சே. பொழைக்குமா?"

"பேசாம வெளிச்சத்தக் காட்டு."

"டாக்டருக்குக் கோவம் வருது பாரு."

ஈயம் பற்றவைத்து, நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து, குமிழ்கள் தத்தம் ஓட்டையில் தலையை நீட்டியபோது அவள் கைதட்டினாள். பெட்டியில் செருகிப் பார்த்தேன். சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று அவள் மின்விசிறியைப் பார்த்தாள். நான் ஒரு தந்தியைத் தட்டினேன். மங்கலாகத்தான் இருந்தது. இருந்தாலும் உறுமல் இல்லை.

அடுத்த நிகழ்ச்சி அரியலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் அவளும் வந்தாள். நான் மேடையில் வாசிப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

கிடாருக்கென்றே ஒரு நீண்ட இடையிசை உள்ள பாட்டு அன்று இருந்தது. புதுப் பிக்கப்பை எண்ணி அதற்காகத்தான் காத்திருந்தேன். முதல் சரணத்துக்கு முன்னால் நன்றாக வந்தது. அது முடிந்ததும் அந்தச் சுண்டுவிரல், தேவையே இல்லாமல், பழக்கத்தில் போய்க் குமிழை மூடிவிட்டது. இனி மூட வேண்டியதில்லை என்ற நினைப்பில் நான் திறக்கவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இடையிசை தொடங்கிவிட்டது. நான் வாசிக்கிறேன், என் பெட்டியில் சத்தமில்லை. என்னவென்று புரிந்து திறப்பதற்குள் பாதி போய்விட்டது. மீதியைத் தடுமாறி வாசித்து முடித்தேன். வியர்த்துவிட்டது. தலைவர் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி செல்போனை நீட்டினாள்.

"கேளுங்க. ஒரு தப்பு இல்லாம வாசிச்சிருக்கீங்க."

அவள் சொன்ன இடம் அதுதான், அந்த இரண்டாவது இடையிசை. கேட்டேன். முழுசாக இருந்தது. நான் விட்ட பாதி அங்கே இருந்தது. தடுமாறிய மீதி சுத்தமாக ஓடியது. படத்தில் என் விரல்கள் வேறு எங்கோ அலைந்துகொண்டிருந்தன. என் தப்பு அதில் இல்லை. நானும் இல்லை.

பாதி இலையில் எழுந்து போனேன். சவுண்ட் செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் லைன் முன்னாடி பெட்டிக்குப் போவுதா?"

"எதுண்ணே, ஆறாவது லைனா? அது ஒங்க பெட்டிக்கு மட்டுந்தானே. முன்னாடி தொறக்கறதில்லயே."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்ததுலேர்ந்தே அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

தலைவர் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, இப்ப இரைச்சல் சுத்தமா நின்னுருச்சு. என் லைன முன்னாடி தொறக்கச் சொல்லுங்க."

"நல்லதாப் போச்சு. ஆனா அது எதுக்கு? கீபோர்டுலயே கிடாரெல்லாம் ஏத்தி வச்சாச்சு. ரெண்டும் போனா கொழப்பம்."

"அப்ப நான் எதுக்குண்ணே?"

"இது என்ன கேள்வி? கிடார மாட்டிக்கிட்டு ஒரு ஆளு நின்னாத்தான்யா ஆர்கெஸ்ட்ரா. அதுவும் ஒன் கிடாரு பெருசா, ஓட்டையெல்லாம் போட்டு பாக்க அம்சமா இருக்கு. வீடியோக்காரன் மொதல்ல ஒன்னத்தான் காட்டறான். நீ வரலன்னா பார்ட்டி கேக்குது."

"வெளிய கேக்கலன்னா இரைச்சலை நிறுத்துன்னு ஏன் சொன்னீங்க?"

"மேடையில நாங்க நிக்கிறோம்ல? எங்க காதுல விழுவுதுல்ல?"

அவர் வேண்டுமென்று என்னை நோகடிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். என் தோளில் தட்டிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கப் போனார். யாருக்காக அந்த இனிப்பான பிக்கப்பை வேண்டாமென்று ஒதுக்கினேனோ, அந்த மூன்றாவது வரிசைக்கு நான் என்றைக்குமே கேட்டதில்லை. உறுமியபோதும் கேட்கவில்லை, உறுமல் நின்ற பிறகும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரு விரல் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது, மூடியே கிடந்த ஒன்றை.

பெரம்பலூர் பஸ்ஸில் கிடாரை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். மனைவி அந்த வீடியோவைத் தன் தங்கைக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் படித்துக் காட்டினாள்.

"மாமா இவ்வளவு நல்லா வாசிப்பாங்களான்னு கேக்குறா. ஏங்க, என்ன பேசாம வரீங்க?"

"தலைவலி."

"ஜெனரேட்டர் பக்கத்துலயே நின்னா வலிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த வீடியோ இன்னும் அவள் செல்போனில் இருக்கிறது.

மறுநாள் கடைக்கு ஒரு மிக்ஸியும் இரண்டு மின்விசிறியும் வந்திருந்தன. மத்தியானம் தலைவரிடமிருந்து தகவல் வந்தது. ஜெயங்கொண்டத்தில் நிகழ்ச்சி, எல்லாரும் கறுப்புச் சட்டை. சரி என்று அனுப்பினேன்.