‘வேண்டாம்’ பொத்தானைப் பெரிதாக்கிய நிசாம் நானா

செய்தி வந்தபோது நான் கண்டி மத்திய சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டு நின்றேன். நிசாம் நானாவின் மகள் ருஷ்தா அழைத்திருந்தாள். “செல்வி ஆன்ட்டி, வாப்பா காலைல மௌத்தாகிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். நீங்க வாரீங்களா?” என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தானே கட்டிக் கொடுத்தார்.

மடவளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. அந்த மனிதரை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது. எங்கள் பழைய கந்தோரின் இரண்டாம் மாடியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு இது புரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. கண்டியில் குண்டுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கள் மாகாணக் கந்தோருக்கு ஓர் இணையத்தளம் கட்டும் வேலை அப்போதுதான் வந்தது. பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டியவர்கள் இனி வீட்டிலிருந்தோ, நெற் கஃபேயிலிருந்தோ விண்ணப்பிக்கலாம். தளத்தை அமைப்பவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று அழைத்த நிசாம். தமிழ்ப் பக்கத்தை எழுதுபவள் நான், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்த செல்வராணி.

பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய குரல். படி ஏறி வரும்போதே “செல்வி தங்கச்சி, சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வந்தீங்க?” என்று கீழ் மாடிக்கும் கேட்கக் கேட்பார். நான் கொண்டுபோகும் ரொட்டியும் சம்பலும் பதினொரு மணிக்கே முடிந்துவிடும். அதற்கு ஈடாக அவர் மனைவி ஹஸ்னா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்த வட்டிலப்பம் வரும். வேலை செய்யும்போது பழைய பாட்டுகளைத் தப்பான ராகத்தில் பாடுவார். நிறுத்தச் சொன்னால் அடுத்த பாட்டைத் தொடங்குவார்.

விண்ணப்பப் பக்கத்தின் முதல் வரைவு மேலிடத்திலிருந்து வந்தது. இனம், மதம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, வீட்டில் எத்தனை பேர், வடக்கிலோ கிழக்கிலோ உறவினர் உண்டா என்று கட்டம் கட்டமாக நீண்டிருந்தது. நானா அதைத் திரையில் விரித்துவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தட்டினார்.

“பிறப்புச் சான்றிதழ் தேடுறதுக்கு இந்த ஆள்ட மதம் என்னத்துக்கு?”

“தெரியல நானா. கேக்கச் சொல்லியிருக்காங்க.”

“கேட்டா வெச்சிக்கணும். வெச்சா காக்கணும். காக்க ஏலாதத என்னத்துக்குக் கேக்கிற?”

பணிப்பாளர் திருமதி ரத்நாயக்கவிடம் அப்படியே போய்ச் சொன்னார். அவர் கண்டிப்பானவர். சிங்களத்தில்தான் பேசுவார். சிறு தலையசைப்போடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குபவர். “எது தேவை என்று எழுதிக் கொண்டு வாருங்கள், நிசாம். மற்றதை வெட்டலாம்” என்றார். பெயர், பிறந்த இடம், பிறந்த நாள், பெற்றோர் பெயர், சான்றிதழை வாங்க வருபவரின் தொலைபேசி எண். அவ்வளவுதான் மிஞ்சியது. சான்றிதழைக் கையில் கொடுத்ததும் தளத்தில் உள்ள விவரங்களை அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதியையும் நானா சேர்த்தார். பணிப்பாளர் அதற்கும் கையெழுத்து வைத்தார்.

நிசாம் நானா தவறே செய்யாத மனிதர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். தளத்துக்குள் ஒருமுறை வந்தவரை அடுத்தமுறை பெயர் சொல்லி வரவேற்கும் வசதியை அவர்தான் ஆசை ஆசையாகச் செய்தார். அதற்காகப் பயனாளியின் கணினியில் ஒரு சின்னக் குறிப்பை விட்டுவைக்க வேண்டும். குக்கி என்பார்கள். பணிப்பாளரின் திரையில் அவர் பெயரோடு வணக்கம் வந்தபோது அந்த அம்மையார் முதல்தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். நானா ஒருவாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பிறகு சோதித்துப் பார்க்கவென்று கட்டுகஸ்தோட்டையில் ஒரு நெற் கஃபேக்குப் போனார். முகம் கறுத்துத் திரும்பி வந்தார். அவர் குரல் கொடுக்காமல் படியேறிய ஒரே நாள் அது.

“என்ன நானா?”

“கொம்பியூட்டரத் தொறந்தேன் தங்கச்சி. ‘வணக்கம், திரு. பரமேஸ்வரன்’ எண்டு தமிழ்ல வருது. யாரோ ஒரு மனுசன். எனக்கு முன்னால அதுல இருந்து விண்ணப்பம் போட்டவர். பொறந்த ஊர் முல்லைத்தீவு எண்டும் பெட்டிக்குள்ள அப்படியே நிக்கிது.” கதிரையில் தொப்பென்று விழுந்தார். “எனக்குப் பின்னால யாரு வந்து உக்காருவாங்க எண்டு எனக்குத் தெரியுமா?”

வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் அன்று எத்தனை பேர்? கண்டியில் பாதிப் பேருக்கு நெற் கஃபேதான் கணினி. ஒருவர் எழுந்த கதிரையில் இன்னொருவர் உட்காருவார். அன்று மாலையே அந்த வரவேற்பை அவர் தன் கையாலேயே அழித்தார். பணிப்பாளருக்கு வருத்தம்தான். “நல்ல அழகாக இருந்ததே” என்றார். “மேடம், அழகுதான். ஆனா நம்ம தளம் ஆளக் காட்டிக் குடுக்குது” என்றார் நானா.

ஒரேயொரு குக்கி மட்டும் மிஞ்சியது. சிங்களமா, தமிழா, ஆங்கிலமா என்ற மொழித் தெரிவை நினைவில் வைப்பது. அதையும் ஆளிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். அந்த நாளில் எங்களில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. அறிவித்தலின் தமிழை நான் எழுதுவதாகச் சொன்னேன். கேட்கவில்லை. “குக்கி எண்டா பிஸ்கட்தானே? சனத்துக்கு வெளங்கணும்” என்று தானே எழுதி ஏற்றிவிட்டார். ‘இந்தத் தளம் உங்கள் கணினியில் ஒரு சிறிய பிஸ்கட் வைக்க விரும்புகிறது. சம்மதமா?’

மூன்றாம் நாள் அலவத்துகொடயிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஹாஜியார் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பேத்தியின் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார்.

“பிஸ்கட் சம்மதம் எண்டு அமத்தின நாந்தான். எங்க தாரது? கீழயா, மேலயா?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். நானா கொஞ்சமும் அசையவில்லை. “இங்கதான் ஹாஜியார், உக்காருங்க” என்று கதிரையை இழுத்துப் போட்டார். கன்டீனில் இருந்து கிரீம் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வரவழைத்தார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தை விளக்கினார். ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்து, மீதிப் பிஸ்கட்டைப் பேத்திக்கென்று பொதி செய்து எடுத்துப் போனார். அவர் படியிறங்கியதும் நானா என் பக்கம் திரும்பி, “சரி தங்கச்சி, நீங்களே எழுதுங்க” என்றார்.

‘நீங்கள் தெரிவு செய்யும் மொழியை இந்தக் கணினியில் குறித்து வைக்கலாமா? வேண்டாம் என்றாலும் எல்லாச் சேவையும் கிடைக்கும்’ என்று எழுதினேன். வடிவமைப்பில் ‘சரி’ என்பது பச்சை நிறத்தில் பெரிதாகவும் ‘வேண்டாம்’ என்பது சாம்பல் நிறத்தில் கடுகளவாகவும் இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது: “வேணாம் எண்டு சொல்றவனக் குனிய வெச்சிப் பாக்க ஏலா. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நெறம்.”

தளம் திறந்து சில மாதம் ஓடியது. பின்னாளில் என் கணவரான சிவாவின் விண்ணப்பமும் அதில் இருந்தது. ஒரு கலவரத்துக்குப் பிறகு அவருடைய பெற்றோர் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். சிவா பிறந்தது அங்கே. அந்த ஊர்ப் பெயர் அடையாள அட்டையில் இருந்ததால், பாலத்தடியில் எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் மட்டும் கீழே நிற்பார். திருமணப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் முற்பகலில் சிவில் உடையில் இரண்டு பேர் வந்து பணிப்பாளரின் அறையில் உட்கார்ந்தார்கள். பாதுகாப்புப் பிரிவு என்றார்கள். நானாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவர்கள் யார் யார், வடக்கில் பிறந்ததாகச் சான்றிதழ் கேட்டவர்கள் யார் என்று விவரம் வேண்டும் என்றார்கள். மூத்தவர் அமைதியாகத்தான் கேட்டார். சிவாவின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அவர் பெயர் தளத்தில் இருந்தது.

“வாங்க சேர், நீங்களே பாருங்க” என்று நானா அவர்களைத் தன் இடத்துக்குக் கூட்டிவந்து, மூத்தவரைத் தன் கதிரையில் உட்கார வைத்தார். தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். விண்ணப்பத்தில் அவருடைய சொந்தப் பெயரையே அடிக்கச் சொன்னார். மூடி, மறுபடி திறக்கச் சொன்னார். பக்கம் புதிதாய், வெறுமையாய் வந்தது.

“என்னை மறந்துவிட்டதே!” என்றார் அதிகாரி.

“இது எல்லாரையும் ஒரே மாதிரி மறக்கும் சேர்” என்றார் நானா, நல்ல சிங்களத்தில்.

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. சான்றிதழ் கொடுத்ததும் விவரங்களை அழித்துவிடும் விதியையும் நானா சொன்னார். ஆனால் மூத்தவர் விடவில்லை. “முடிந்தவர்களை அழித்துவிட்டீர்கள், சரி. இன்னும் முடியாமல் இருப்பவர்கள்?”

நானா வாயைத் திறக்கும் முன்பே வாசலில் நின்ற பணிப்பாளர் பேசினார். “அவை மக்கள் சான்றிதழுக்காக எங்களிடம் கொடுத்தவை. வேறு காரியத்துக்குத் தருவதென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். கொண்டு வாருங்கள், சட்டப்படி செய்கிறேன்.” குரல் உயரவில்லை. கைதான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

மூத்த அதிகாரி எழுந்தார். நானா அவரைப் போகவிடவில்லை. “சேர், வட்டிலப்பம் ஈக்கி. எங்கட ஊட்டுல செஞ்சது” என்று டப்பாவைத் திறந்து நீட்டினார். இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். இளையவர் இரண்டாவது துண்டும் எடுத்தார். கட்டளையோடு வருவார்கள், வருவார்கள் என்று எத்தனையோ நாள் படிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன். அவர்கள் வரவேயில்லை.

அன்று பகல்தான், ஒரேயொரு தடவை, நானா இதற்கெல்லாம் காரணத்தைச் சொன்னார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் நானாவுக்குப் பள்ளிக்கூட வயது. அவருடைய வாப்பாவுக்கு டவுனில் புடவைக் கடை. “தமிழ் ஆக்கள்ட பேரெல்லாம் எழுதின ஒரு தாளக் கையில வெச்சிக்கிட்டு ஒருத்தன் வாசிச்சான் தங்கச்சி. வாசிச்ச ஊட்டுக்கு மட்டும்தான் போனானுகள். பக்கத்துக் கடைத் தையல்காரரையும் பொஞ்சாதியையும் வாப்பா புடவைக் கட்டுகளுக்குப் பின்னால வெச்சீந்தார். தப்பிட்டாங்க. எழுதி வெச்ச ஆள் கெட்டவனா ஈக்க மாட்டான். எழுதினதோட அவன்ட வேல முடிஞ்சிட்டு.” இதைச் சொல்லிவிட்டு என் ரொட்டியை எடுத்துக் கடித்தார். மறுபடி பாடத் தொடங்கினார்.

சிவாவின் சான்றிதழ் கொழும்பிலிருந்து வந்த நாளில், கந்தோரில் வைத்து நானா தன் கையாலேயே அதை அவரிடம் கொடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் திரைக்கு முன்னால் நிறுத்தி, “அமத்துங்க மாப்பிள்ள” என்றார். சிவா அழித்தல் பொத்தானை அமத்தினார். பெயர் போனது. நானா கைதட்ட, மாடி முழுவதும் காரணம் தெரியாமலே கைதட்டியது. எங்கள் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து அவருடையது.

மடவளை வீட்டில் அன்று பெண்கள் பக்கம் நிரம்பியிருந்தது. ஹஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, “போன கெழமகூட ஆஸ்பத்திரில ஒரு நர்ஸோட வாதாடினார். எதுக்கு இவ்வளவு கேக்கிறீங்க எண்டு. கடைசில அந்த நர்ஸ் சிரிச்சிட்டா” என்றார். நாங்களும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். வயதான திருமதி ரத்நாயக்க வெள்ளைச் சேலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு விளங்காமலே அவரும் சிரித்தார்.

நிசாம் நானாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ‘வேண்டாம்’ என்று ஒருவரிடம் சொன்ன பிறகும் அவரை உட்கார வைத்து உபசரிக்கும் குணம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் சபைக் கூட்டத்தில், உபயகாரர் எல்லோருடைய அடையாள அட்டைப் படத்தையும் கைபேசிக் குழுவில் போடலாம் என்று தலைவர் சொன்னார். “வேணாங்க தலைவரே” என்றேன். அவர் முகம் சிவந்தது. நான் எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். முதல் கோப்பையை அவர் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தார். பிறகு, “சீனி போதும்மா. படமும் வேணாம்தான்” என்றார்.