மணி இல்லாத அடிவாரம்

ஐயா, அம்மணி,

இதனை வாசிக்க முன்வந்த தங்களுக்கு முதற்கண் என் வணக்கம். தமிழை நான் பள்ளியிற் கற்றவள் அல்லேன். வீட்டிலிருந்த புத்தகங்களைப் பார்த்து எழுதிப் பழகியவள். நடையிற் குறை காணின் பொறுத்தருள்க.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஜெர்மனியின் சவர்லாந்து மலைப்பகுதியில், பனிச்சறுக்குக்குப் பேர்போன ஒரு சிற்றூரில் வாழ்ந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் செய்திருந்த எங்களை அரசாங்கமே அங்கு அனுப்பிவைத்தது. இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியாகிய மாமா என நால்வர். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை எம்மைப் போன்றோர் அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டலாகாது என்பது அன்றைய சட்டம். எங்கள் மலையின் முகடே அந்த எல்லை. பெரியவர்கள் மூவருக்கும் இது தெரியும். ஒன்பது வயதான எனக்கு எவரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு, கம்பிவடத்தில் ஆட்களை மலையேற்றும் கதிரை லிஃப்டில் வேலை. அந்த மலைக்கு ஓய்வே கிடையாது. மாரியில், ஆடிவரும் கதிரையைக் கையாற் பிடித்து நிறுத்தி, சறுக்க வந்தவர்களை இருத்தி மேலே அனுப்புவார். பனி கரைந்ததும் கம்பங்களுக்கு எண்ணெய் இடுவார். கோடையில் அதே கதிரைகளில் தடியூன்றிய முதியவர்கள் காற்று வாங்க ஏறிப்போவார்கள். அப்பா சரிவிற் புல்லு வெட்டுவார். மாலையில் லிஃப்ட் நின்றபின், முதலாளி கொடுத்த பழைய மரச் சறுக்குப் பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு இரண்டு மாரி விழுந்து விழுந்து சறுக்கப் பழகினார். மாமா யன்னலருகே நின்று ஒவ்வொரு விழுகைக்கும் கைதட்டுவார்.

ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அவ்வூரில் ஒரு பழங்கால ஓட்டம் நடைபெறும். ஊரார் பாட்டன்மாரின் கம்பளி உடுப்புகளை அணிந்து, மரப் பலகைகளில் முகட்டிலிருந்து லிஃப்ட் நிலையம் வரை சறுக்கி வருவார்கள். முதலில் வருபவருக்குப் பரிசில்லை. வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் அடிவாரத்து மரச்சட்டத்திலே தொங்கும் மாட்டு மணியை அடிக்க வேண்டும். அந்த ஒலிக்கு ஊரே ஆரவாரம் செய்யும். அவ்வாண்டு லிஃப்ட்காரர் அணியில் அப்பாவும் சேர வேண்டுமென்று முதலாளி கேட்டுக்கொண்டார். வந்தவர் என்றல்லாமல் தங்களில் ஒருவர் என்று அவரை அழைத்தது அதுவே முதற்றடவை. அம்மா ஒரு சாம்பல்நிறப் போர்வையை வெட்டி முழங்காலளவு காற்சட்டை தைத்தார்.

"அத்தான், இதோடை எங்கடை சந்தியிலை இறங்கினியளெண்டால் நாயளே வழி விட்டிடும்," என்றார் மாமா.

அப்பா சிரித்துக்கொண்டே கண்ணாடிமுன் இன்னொருமுறை திரும்பினார். நானோ என் அப்பா மணி அடிப்பார் என்று வகுப்பு முழுவதும் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று காலை வெயில் ஏறிவிட்டது. ஓட்டக்காரர் யாவரும் மேலே போனபின், அடிவாரத்திற் பனி போதாதென்றும், ஓட்டம் மலையின் மறுபக்கம் இறங்கி அடுத்த ஊரில் முடியுமென்றும் ஒலிபெருக்கி அறிவித்தது. இரண்டுபேர் மணியைக் கழற்றி வண்டியில் ஏற்றினர். சனமெல்லாம் பேருந்தில் அப்பக்கம் புறப்பட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் கையசைத்துக் கூப்பிட்டார்கள். அம்மா என் கையை விடவில்லை.

மாமாவின் முகத்திற் சிரிப்பு இல்லை. "அக்கா, எல்லாரும் இழுத்தால் அவரும் அங்காலை போயிடுவார். பொலிஸ் நிண்டு கேட்டால் எங்கடை வழக்குக்கெல்லே பழுது," என்றார்.

"போகமாட்டார். இங்கைதான் வருவார்," என்றார் அம்மா.

மலைக்கு அப்பால் ஏதோ பெரும் பள்ளம் இருக்கிறது போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் அதிலே விழமாட்டார்களா என்று கேட்டேன். 

நெடுநேரம் நின்றோம். அம்மா முகட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கடைசியில் மேலே ஒரு சாம்பல்நிறப் புள்ளி தனியே தோன்றியது. பனி இருந்த இடத்தில் அப்பா சறுக்கினார். புல்லுத் தெரிந்த இடத்திற் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்து நடந்தார். மறுபடியும் கட்டிக்கொண்டு சறுக்கினார். சேற்றில் ஒருமுறை முழுதாய் விழுந்து எழும்பினார். அன்று மாமா கைதட்டவில்லை. வெறுமையாய் நின்ற மணிச்சட்டத்தின் கீழ் வந்து அப்பா நின்றபோது அங்கு எங்கள் மூவரையன்றி ஒருவரும் இல்லை. அம்மா தேநீர்ப் போத்தலின் சில்வர் மூடியைச் சட்டத்திற் கட்டிக்கிடந்த கயிற்றுநுனியருகே உயர்த்திப் பிடித்து, பையிலிருந்த கரண்டியை அப்பாவிடம் நீட்டினார். அவர் சிறிது தயங்கினார். பிறகு ஓங்கி அடித்தார்.

எனக்கு வெட்கமாயிருந்தது. அழுகையும் வந்தது. "வழி மாறி வந்திட்டீங்களோ அப்பா?" என்று கேட்டேன்.

அவர் மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பின் குனிந்து, "ஓம் மகள், மாறிப்போச்சு," என்றார்.

மறுநாள் பள்ளியில் நானே அக்கதையைச் சொன்னேன். தன் சொந்த மலையிலேயே வழிதவறியவரின் மகள் என்று பிள்ளைகள் சிரித்தனர். நானும் சேர்ந்து சிரித்தேன். லிஃப்ட்காரரிடமும் அப்பா அதே மறுமொழியையே சொன்னாராம். அவரை ஒரு வெகுளியென்று ஊர் அன்போடு நம்பியது.

எங்கள் விண்ணப்பத்துக்கு நல்ல முடிவு வந்த கோடையில் அப்பா என்னைக் கதிரை லிஃப்டில் முகட்டுக்குக் கூட்டிப்போனார். மறுபக்கம் பள்ளம் ஏதும் இருக்கவில்லை; புல்வெளியும், அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய ஒரு மஞ்சள் பலகையும், மாடுகளுமே இருந்தன. அப்பா அப்பலகையைக் கடந்து சிறிது தூரம் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் கடந்தார். இதென்ன விளையாட்டு என்று நான் அலுத்துக்கொண்டு, கீழே போய் ஐஸ்கிறீம் வாங்கித் தரும்படி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவருடைய மரப் பலகைகள் இன்று அவ்வூர்ப் பனிச்சறுக்குக் காட்சிச்சாலையில், பிறருடையவற்றோடு பெயரில்லாமல் தொங்குகின்றன. ஆகையால், ஐயா, அம்மணி, இவ்வெழுத்தைத் தங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.