கிரைண்டருக்கு இழுத்த வயர்

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் நாள் முழுக்க மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுபவர். ஆனால் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த கிரைண்டர், சமையலறையில் பவர் பிளக் இல்லாமல், மாசக்கணக்கில் முன்னறையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். ஊருக்கெல்லாம் கிரைண்டர் செய்து அனுப்பும் கோயமுத்தூரில், தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஒயர்மேனைக் கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டால் அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும்.

"மோட்டார்காரன் ஊட்டுக்கு ஒயர்மேனா? பட்டறையில சிரிப்பாங்க. வார ஞாயித்துக்கெழம நானே போட்டுத் தாரேன்."

எத்தனையோ ஞாயிறு போனது. இனிமேல் இந்த வீட்டில் இட்லி கிடையாது என்று நான் கையை விரித்த பிறகுதான், மீட்டர் பெட்டியிலிருந்து சுவரில் மரப்பட்டி அடித்து வயர் இழுத்தார். பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, ரெண்டு வயர்தானே வருகிறது என்று கேட்டேன்.

"மேல இருக்கறது எர்த்துக்கு, கசியற கரண்ட மண்ணுக்கு எறக்கறது. எங்க பட்டறையில பாதி மோட்டார் எர்த்து இல்லாமத்தான் ஓடுது" என்றார்.

கிரைண்டர் ஓடியது. அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மாவைத் தள்ளிவிடக் கையை வைத்தேன். முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஏறியது.

அவரிடம் சொன்னேன். "லேசாத்தான் அடிக்கும். செருப்புப் போட்டுட்டு ஆட்டு" என்றார்.

சொல்லிவிட்டார் மகராசன். சமையலறையிலேயே சாமி படமும் இருந்ததால் என் மாமியார் அங்கே செருப்பை விடவே மாட்டார். செருப்புப் போட்டால் மாமியார், போடாவிட்டால் கரண்ட். நான் மணைப்பலகை மேல் ஏறி நின்று பயந்து பயந்து ஆட்டினேன். வந்த இடத்தில் என் உயிர் யாருக்கும் ஒரு பொருட்டில்லை என்று வயிறு எரிந்தது. சில நாள் அழுதும் இருக்கிறேன்.

ஒரு காலையில் மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன் அம்மணி, பலகை மேல ஏறி நிக்கற?"

"மாவுல கை வெச்சா கரண்ட் அடிக்குதுங்க அத்தை. அவரு செருப்புப் போட்டுக்கச் சொல்றாருங்க."

மாமியார் வாசலுக்குப் போய்த் தன் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். "போட்டுக்க கண்ணு" என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் பக்கம் திரும்பினார்.

"அவளப் பெத்தவ நம்ம ஊட்டுக்குப் புள்ளையக் குடுத்தது கரண்ட் அடிச்சுச் சாகறதுக்கில்ல. இன்னைக்கு எர்த்து போட்டுட்டு அப்பறம் பட்டறைக்குப் போ."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடப்பாரையைத் தேடினார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, அங்கிருந்து சமையலறைக்கு மூன்றாவது வயரை இழுத்தார். உப்புப் போதவில்லை என்றதும் மாமியார் சமையலுக்கு வைத்திருந்த ஜாடியையே கொண்டுவந்து கவிழ்த்தார். குழி காயக் கூடாது, காய்ந்தால் எர்த்து சரியாக வேலை செய்யாது என்று அவர் சொன்னதை மாமியார் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மாமியாரிடம் நான் வாங்காத பேச்சில்லை. ரசத்துக்கு ஒரு பேச்சு, கோலத்துக்கு ஒரு பேச்சு. ஆனால் வெயில் காலத்தில் நான் உளுந்து ஊறப்போட்டால் போதும், யாரும் கேட்காமலே ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் தான் குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றுவார்.

கடைசி வருஷம் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நான் கிரைண்டர் பக்கம் போனதும் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"அம்மணி, குழிக்குத் தண்ணி ஊத்துனயா?"

"ஊத்திட்டேனுங்க அத்தை."

அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடிப் படுப்பார்.