வெட்டு வரிசையின் ரகசியச் சொல்

"பூட்டு கெடக்கட்டும், சாவி எங்கன்னு பாரு" என்பார் எங்கள் பெரியப்பா. அதற்கு மேலும் ஏதோ சொல்வார், மறந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலையில் பாதி அந்தச் சாவியைக் காப்பதுதான். அதைக் கட்டிக்கொண்டு அழும் சகபாடிகளே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

சொல் வைத்தேன்

பெங்களூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் தர்மபுரிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு வந்து சேர்ந்தேன். பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. அதிலிருந்து கம்பி இழுத்து ஆபீசில் மூன்று திரை, எடைமேடையில் ஒன்று. எந்த விவசாயியின் கரும்பை எப்போது வெட்டுவது என்ற வரிசை அதற்குள்ளே இருந்தது.

அதைத் திருத்த ஒரு ரகசியச் சொல் வேண்டும். கன்னடத்தில் வெல்லத்தைக் குறிக்கும் 'பெல்ல' என்று வைத்தேன். தாளில் குறித்து வைத்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்களே என்று, அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டேன். ஆபரேட்டர் ஷமீமிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டது: "அப்ப நீங்க லீவு போட்டா வரிசையும் லீவுங்களா சார்?"

விரல்களைப் பார்த்தேன்

ஒரு நாள், நாற்பதாம் இடத்தில் இருந்த கரும்பு ஆறாம் இடத்துக்கு ஏறியிருந்தது. மறுவாரம் இன்னொன்று. நாள் முழுக்கத் திரைமுன் உட்காருவது ஷமீம்தான் என்றார் மேலாளர். திங்கட்கிழமைக்குள் வேறு யாரும் பிடிபடாவிட்டால் அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். நான் மறுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் எழுந்து போனபோதெல்லாம் மேசையைத் துழாவினேன்.

மூன்றாம் நாள், திரையிலிருந்து கண் எடுக்காமலே சொன்னாள்: "சந்தேகம்னா வாய்விட்டுக் கேளுங்க சார். என் விரலையே எத்தன நாளைக்குப் பாப்பீங்க?"

வடை வாங்கினேன்

சனிக்கிழமை, ஆலை வாசல் டீக்கடையில் வடை வாங்கினேன். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட அகலத் தாளில் மடித்துக் கொடுத்தார் கடைக்காரர் முனியப்பன். பிரித்தால், அச்சடித்த என் புரோகிராம். எண்ணெய் ஊறிய நடுவரியில் 'பெல்ல'. சோதித்து முடித்த பிரதி வீணாக வேண்டாமென்று, கட்டோடு அவருக்குக் கொடுத்தவன் நான்தான். வேறு யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். எடைமேடை ஆட்கள் தினமும் வருவதாகவும், அவர்களில் பாதிப்பேர் வீட்டில் கன்னடம் என்றும் சொல்லிவிட்டு, தாளை மெச்சினார்: "எண்ணெய் பட்டாலும் எழுத்து அழியறதில்லீங்க."

முதலில் சந்தேகப்பட வேண்டிய என்னையே விட்டுவிட்டு ஷமீமைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஷமீம் வருவதற்கு முன்பே, சொல்லை வெளியே விட்டவன் நான் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன்.