குங்குமச் செப்பை நீட்டிய கை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள், ஊரே படிக்கும்படி எழுத வந்தது தப்புத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வெளிநாட்டில் வேலை பார்த்துக் களைத்துப்போன யாராவது ஒருத்தி படித்தால் போதும்.

சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் பகல் பதினொரு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கிறது. தண்ணீர் டம்ளரோடு எழுந்து நிற்கிறேன். யாருக்கு மாத்திரை என்று யோசித்து, அவர் இந்த வீட்டில் இல்லை என்று புரிவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடுகிறது.

சிங்கப்பூரில் ஒன்பது வருடம், படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் மகளைத்தான் மேடம் என்பேன். கடைசி வருடம் எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. ஒருநாள், கொடுத்த மாத்திரையையே மறுபடியும் கொடுத்துவிட்டேன். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எதைக் கேட்டாலும் "ஓகே டாக்டர்" என்றேன். வேலை மிஞ்சிப்போய் உடம்பும் மனசும் தேய்ந்திருக்கிறது, தேற மாதக்கணக்காகும் என்று மேடத்திடம் சொன்னாராம். "கோ ஹோம், ரெஸ்ட்" என்றார் மேடம். வேலையை விட்டு நிறுத்துகிறார் என்று நினைத்து அழுதேன். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். ஊரில் எல்லோரிடமும் லீவு என்றே சொன்னேன். காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. பகலில் படுத்துக் கிடப்பதை நோய் என்று எந்த வாயால் சொல்வது?

என் மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். நானும் நாத்தனார் மல்லிகாவும் வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தோம். பதினொரு வீடு முடித்துப் பெரியப்பா மகள் செல்லம் அக்கா வீட்டுக்குப் போனபோது எனக்குத் தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருந்தது. நான் அங்கே இருந்த காலமெல்லாம் கவிதாவைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தவள் இந்த அக்காதான். இந்த வளைகாப்புக்கு யார் வராவிட்டாலும் அவள் வந்தாக வேண்டும்.

"வாடி, இப்பத்தான் இங்கிட்டு வழி தெரிஞ்சுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நான் செப்பைத் திறந்து நீட்டினேன். "எடுத்துக்கக்கா. ஞாயித்துக்கெழம கவிதாவுக்கு வளைகாப்பு. மச்சானையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

பதினொரு வீட்டில் சொன்ன அதே வரியை வாய் தானாகச் சொல்லிவிட்டது. மல்லிகா என் முழங்கையைக் கிள்ளினாள். சுவரில் மாலை போட்ட மச்சான் படத்தை அப்புறம்தான் பார்த்தேன். அவர் தவறி எட்டு மாதம். அக்கா நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

"எந்த மச்சானடி?" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "சிங்கப்பூருலேருந்து பெட்டி பெட்டியாக் கொண்டாந்தியே, புத்திய அங்கிட்டே வச்சுட்டு வந்துட்டியா?"

"லீவுல வரலக்கா. முடியலன்னு அனுப்பிட்டாக."

"காச்சலா?"

"இல்ல. எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. தூங்கி எந்திரிச்சாலும் அசதி போக மாட்டேங்குது."

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. அக்கா என் கையில் திறந்தபடியே இருந்த செப்பைப் பார்த்தாள். "மொதல்ல அத மூடு, கொட்டிரும்" என்றாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் மல்லிகா என் கையிலிருந்த செப்பை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். மச்சான் இறந்த அன்று நான் மேடம் வீட்டு அடுப்படியில் இருந்தேன். வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்து, சத்தம் வராமல் அழுது, பெரியவருக்குக் கிண்டிய கஞ்சியைத் தீய விட்டேன். அத்தனை தூரத்தில் இருந்தபோது அவர் சாவு எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டு வாசலில் நின்றபோது தெரியவில்லை. நோய் என்று சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் அந்த முகத்துக்கு நேரே செப்பை நீட்டியது என் கைதானே.

மறுநாள் அக்கா கவிதாவுக்குப் போன் செய்து, விசேஷத்துக்கு வரமாட்டேன், பிள்ளை பிறந்ததும் வந்து பார்க்கிறேன் என்றாள். மீதி ஒன்பது வீட்டையும் மல்லிகா தனியாகப் போய் அழைத்துவிட்டு வந்தாள். நான் வீட்டில் படுத்திருந்தேன்.